ஊர்த் தந்தி இசைக்குழுவில் நானும் வாசிக்கலாமா? லண்டனில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வடமேற்கு லண்டனில், ஹாரோ பக்கம் இருக்கிறேன். பகலில் கம்ப்யூட்டர் வேலை. செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணியானால் ஒரு பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து வியோலா என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறேன், ஒன்பது வருடமாக. கோயிலிலோ யாராவது வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றத்திலோ இந்தப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. சாப்பாட்டு வரிசையில் நின்றபடி பாதிப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தபிறகுதான் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டோமே என்று தோன்றும். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு பாடுவார்களே, அதுவா?

இல்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்பதால் இந்தக் குழப்பம். நான் சொல்வது ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா, அதாவது வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியங்கள் மட்டும் உள்ள குழு. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஐந்து பிரிவுகள். குழல் கிடையாது, தாள வாத்தியம் கிடையாது. ஒவ்வொரு பிரிவிலும் பலர் சேர்ந்து ஒரே வரியை வாசிப்பார்கள், ஐந்து வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று அமரும்போது பாட்டு முழுசாகும். இளையராஜா பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் கூட்டமாக எழுந்து வருமே, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஓசைக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அதுதான் இது.

வாசிப்பவர்கள் யாருக்கும் இது தொழில் இல்லை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், ஒரு பிளம்பர், பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு மூன்று பேர், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபிறகு முப்பது வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்த அம்மாக்கள் பலர்.

சம்பளம் உண்டா?

கிடையாது. நாங்கள்தான் சந்தா கட்டுகிறோம். இங்கே பெரும்பாலான குழுக்கள் பள்ளிக்கூடக் காலத்தை ஒட்டி வருடத்துக்கு மூன்று பருவம் நடக்கும், பருவத்துக்குப் பத்து வாரம், கடைசியில் ஒரு கச்சேரி. சந்தா ஹால் வாடகைக்கும், முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்தும் கண்டக்டருக்குக் கொடுக்கும் தொகைக்கும், இசை அச்சிட்ட நோட்டுப் பிரதிகள் வாடகைக்கு எடுப்பதற்கும் போகும். டிக்கெட் விற்று வரும் பணம் மட்டும் போதாது. மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், கையில் காசு இல்லாதவர்களுக்குக் குழுக்கள் வழி செய்து கொடுக்கும், வெட்கப்படாமல் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள். இப்படி ஓய்வு நேரத்தில் வாசிக்கும், பாடும் குழுக்களுக்கென்று மேக்கிங் மியூசிக் என்ற அமைப்பே இருக்கிறது, வேறொரு பெயரில் 1935இல் தொடங்கியது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் குழு இருக்கிறது என்று தேட அதுவும் ஒரு நல்ல இடம். எனக்குத் தெரியவந்தது நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சீட்டு வழியாக.

சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்றேன், வர்ணம் வரை. அது போதுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், நானும் அதே கதைதான். திருச்சியில் எட்டு வருடம் கற்றேன், கல்லூரி வந்ததும் விட்டுவிட்டேன். லண்டனில் நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஆகிறது. பத்து வருடம் பாடு பட்டு அரங்கேற்றம் நடக்கிறது, ஹால் நிறைய ஆட்கள் வருகிறார்கள், மறுவாரம் வயலின் கட்டிலுக்கு அடியில் போகிறது. அடுத்தது என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டுவதில்லை. ஒரு வாரமும் தவறாமல் போய் நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க ஓர் இடம் இருந்தால் அந்த வயலின் உயிரோடு இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, போதுமா என்று கேட்டால், பாதி போதும். காது இருக்கிறது, சுருதி விலகினால் உடனே உறுத்தும், அதுதான் பெரிய சொத்து. வில்லை நேராக இழுக்கத் தெரியும். தாளம் ரத்தத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் வருகிறவர்கள் வருடக்கணக்காகச் சம்பாதிக்கவேண்டியதை நீங்கள் கையோடு கொண்டுவருகிறீர்கள்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை: முதலில் உட்காரும் விதம். தரையில் சம்மணம் போட்டு வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவர்களுக்கு இடது கை வாத்தியத்தைத் தாங்கவே வேண்டியதில்லை, விரல்கள் மேலும் கீழும் தாராளமாக ஓடும். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து தோளுக்கும் தாடைக்கும் நடுவே பிடிக்கவேண்டும். முதல் இரண்டு மாதம் கழுத்து வலிக்கும். வலியோடு வாசிக்காதீர்கள், உங்கள் கழுத்து உயரத்துக்குப் பொருந்தும் ஷோல்டர் ரெஸ்ட் (வயலினுக்கு அடியில் மாட்டும் தோள் தாங்கி) கிடைக்கும்வரை இரண்டு மூன்று மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது தந்தி கட்டும் முறை, இதுதான் அதிகம் படுத்தும். நம் முறையில் ச ப ச ப. முதல் இரண்டு தந்திக்கு நடுவே பஞ்சமம், நடு இரண்டுக்கு மத்தியமம், கடைசி இரண்டுக்குப் பஞ்சமம். மேல்நாட்டு முறையில் ஜி, டி, ஏ, இ என்று எல்லாமே பஞ்சம இடைவெளி. அதனால் நடுத்தந்திகளுக்கு இடையே தாவும்போதெல்லாம் பழைய பழக்கத்தில் விரல் தப்பான இடத்துக்குப் போகும். ஒரே வயலினை இரண்டு விதமாகக் கட்டி மாற்றி மாற்றி வாசிக்கப் பார்த்தேன், தந்தியும் அறுந்தது, மனசும் அறுந்தது. கடைசியில் வியோலாவுக்குப் போனேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, தந்திகள் சி, ஜி, டி, ஏ. கைக்குப் புது வாத்தியம் என்பதால் பழைய பழக்கம் குறுக்கே வரவில்லை. வியோலாவுக்கு எந்தக் குழுவிலும் ஆள் பஞ்சம், கதவைத் தட்டினால் கட்டாயம் திறப்பார்கள்.

மூன்றாவது கமகம். ஒரு ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்துவது எனக்கு ஒரு வருடம் பிடித்தது. தனியாக வாசிக்கும்போது காந்தாரம் ஆடினால் அழகு. எட்டுப் பேர் ஒரே காந்தாரத்தை வாசிக்கும்போது ஒருவர் மட்டும் ஆடினால் எட்டுப் பேரின் ஓசையும் கலங்கிவிடும். அவர்கள் செய்யும் விப்ராட்டோ வேறு, அது ஸ்வரத்தின் இடத்தைவிட்டு நகராத சின்ன நடுக்கம். இதைக் கற்றுக்கொண்டால் கமகம் போய்விடுமா என்று ஓர் அக்கா பயத்தோடு கேட்டார். போகாது. இரண்டு மொழி பேசுகிறோம், ஒன்று மற்றதைத் தின்றுவிடவில்லையே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வயலின் நம்மிடம் வந்ததே இப்படிப்பட்ட ஒரு கலப்பில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இருநூறு வருடத்துக்கு முன் அவர் ஒரு திசையில் கடந்த பாலத்தை நாம் எதிர்த்திசையில் கடக்கிறோம், அவ்வளவுதான்.

ஐந்து கோடு போட்ட நோட்டு படிக்கத் தெரியாது. எவ்வளவு நாள் ஆகும்?

தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிக்கலாம், ஒரு வருடத்தில் குழுவோடு ஓடலாம். எனக்கு ஆன கணக்கு இது. நம்மவர்கள் செய்யும் ஒரு தவறு, ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் சரிகம எழுதிக்கொள்வது. நானும் செய்தேன். கண் எழுத்தையே படிக்கும், கோட்டைப் படிக்கவே பழகாது. அதோடு நம் ஸட்ஜம் சுருதிக்குத் தக்க நகரும், அங்கே டி என்றால் எப்போதும் அதே டிதான். ஒரே பாட்டுக்குள் ஸட்ஜமே இடம் மாறிக்கொண்டிருக்கும்போது சரிகம எழுதிவைத்தவர் திண்டாடிப்போவார்.

தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்களா? நான் சுமாராகத்தான் வாசிப்பேன்.

குழுவைப் பொறுத்தது. சில குழுக்கள் கிரேடு 7, 8 அளவு கேட்கும். ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளில் 1 முதல் 8 வரை கிரேடுகள், அதை வைத்து ஒரு மட்டம் சொல்கிறார்கள், சான்றிதழ் கையில் இருக்கவேண்டும் என்பது அரிது. கிரேடு 4, 5 அளவில் வரவேற்கும் குழுக்கள் நிறைய. தேர்வே இல்லாத குழுக்களும் உண்டு, இரண்டு மூன்று வாரம் வந்து உட்கார்ந்து பாருங்கள், பிடித்தால் சேருங்கள் என்பார்கள்.

நான் முதலில் போன ஒரு குழுவில் பத்து நிமிடம் வாசிக்கவைத்து, உங்கள் வாசிப்பு எங்களுக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வில்லைத் தொடவில்லை. இப்போது யோசித்தால் அது எனக்குரிய குழு இல்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று தெரிகிறது. ஒரு கதவு மூடினால் அடுத்ததற்குப் போங்கள், என்னைப்போல் ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

வயதான பிறகு முதன்முதலாக வில்லைத் தொடுகிறவர்களுக்கென்றே ஒரு குழு கிழக்கு லண்டனில் 1983 முதல் இருக்கிறது, ஈஸ்ட் லண்டன் லேட் ஸ்டார்ட்டர்ஸ் ஆர்கெஸ்ட்ரா என்று பெயர். பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அழைத்துப்போன பெற்றோர், நாமும் கற்றால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. அங்கே முதல் நாளிலிருந்தே கூட்டமாகத்தான் வாசிப்பார்கள்.

இந்த விஷயத்தில் நான் மனதில் வைத்திருக்கும் ஒரு பாட்டு உண்டு. 1950இல் இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ், தன் 78ஆவது வயதில், கிராமப்புற இசைப்பள்ளிகளின் சங்கத்துக்காகத் தந்தி வாத்தியங்களுக்கு ஒரு கான்செர்டோ க்ரோஸோ, அதாவது சின்னக் கூட்டமும் பெரிய கூட்டமும் மாறி மாறியும் சேர்ந்தும் வாசிக்கும் பாட்டு, எழுதிக்கொடுத்தார். வாசிக்கப்போகிறவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு, நடுத்தரமும் உண்டு, போன மாதம் வில்லைப் பிடித்தவர்களும் உண்டு. அவர் யாரையும் விடவில்லை. குழுவை மூன்றாகப் பிரித்தார். முதல் கூட்டத்துக்குக் கடினமான வரிகள். இரண்டாவது கூட்டத்துக்கு ஓரளவு பழகியவர்கள் வாசிக்கக்கூடியவை. மூன்றாவது கூட்டத்துக்கு மிக எளியவை, விரலே வைக்காமல் வெறும் தந்திகளை மட்டும் இழுக்க விரும்புகிறவர்களுக்கும் அதில் வரி உண்டு. அந்த வருடம் நவம்பர் 18ஆம் தேதி ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏட்ரியன் போல்ட் நடத்த, பெருங்கூட்டமாக வாசித்தார்கள்.

இதை நாங்கள் வாசித்தபோது அன்றுதான் சேர்ந்திருந்த ஒரு அறுபது வயதுக்காரர் வெறும் தந்தி வரியை வாசித்தார். ஜி, டி, ஏ, இ, நான்கே ஓசை. அவர் பக்கத்திலிருந்து அந்த நான்கு தந்திகளும் முழங்கும்போது எங்கள் வரிகளெல்லாம் அதன்மேல் ஏறி நிற்கின்றன. தம்புரா இல்லாத கச்சேரி எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியுமே. அவரை எடுத்துவிட்டால் பாட்டு மெலிந்துவிடும், தயவுக்காகக் கொடுத்த வரி இல்லை அது. நீங்கள் சுமாராக வாசிக்கிறவர் என்றால் உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

நடுவில் எங்கே வாசிக்கிறார்கள் என்றே தெரியாமல் தொலைந்துபோனால்?

எல்லோரும் தொலைவோம். ஒன்பது வருடம் ஆகியும் நான் தொலைகிறேன். தொலைந்தால் உடனே சத்தத்தை நிறுத்துங்கள், வில்லை மட்டும் தந்திக்கு மேலே பக்கத்தில் இருப்பவரைப்போல அசைத்துக்கொண்டிருங்கள். பிரதியில் ஏ, பி, சி என்று பெட்டிக்குள் எழுத்துகள் போட்டிருக்கும். அடுத்த எழுத்து வரும் இடத்தில் மெட்டு மாறும் அல்லது செல்லோ புதிதாக ஏதாவது தொடங்கும், அங்கே ஏறிக்கொள்ளுங்கள். ஓடும் பஸ்ஸைத் துரத்தவேண்டாம், அடுத்த ஸ்டாப்பில் நின்றால் போதும். தொலையாதவர்போல் காட்டிக்கொள்ள ஏதோ ஒன்றை வாசிப்பது மட்டும் கூடாது, அது பக்கத்திலிருப்பவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஒரு கஷ்டமான இடத்தில் நின்று, திருத்தி, மறுபடி தொடங்குவோம். குழுவில் அந்த வசதி இல்லை, காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் எந்த ஸ்வரத்தை விடலாம், எதை விடவே கூடாது என்று முடிவெடுக்கப் பழகுவீர்கள். ஒரு வேகமான வரியில் பதினாறு ஸ்வரம் இருந்தால் ஒவ்வொரு தட்டிலும் விழும் முதல் ஸ்வரத்தைப் பிடியுங்கள், மற்றவை மெல்ல மெல்ல வந்து சேரும். பன்னிரண்டு பார் (நோட்டில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) மௌனம் என்று போட்டிருந்தால் அதை எண்ணுவதும் வாசிப்புதான். எண்ணும்போது மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொண்டால் அடுத்த வாரம் எண்ணவேண்டிய தேவையே இருக்காது.

தாளம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது, கால் தட்டும். தட்டாதீர்கள். கண்டக்டரின் கை ஒன்று, உங்கள் கால் ஒன்று என்று இரண்டு தாளம் ஆகிவிடும்.

இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம் தரமா? வியோலா யாருக்குக் கேட்கும்?

முதல் வயலினுக்கு மெட்டு, செல்லோவுக்கும் பேஸுக்கும் அடித்தளம், நடுவில் இருக்கும் எங்களுக்குத்தான் சோகமா சந்தோஷமா என்று தீர்மானிக்கும் ஸ்வரம் பல சமயம் வரும். அந்த ஒரு காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கினால் முழு ஹாலின் முகமும் மாறும். மொட்சார்ட் நண்பர்களோடு வாசிக்கும்போது வியோலாவைத்தான் விரும்பி எடுப்பார். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் பெயர் பெறுவதற்கு முன் பிராகில் ஒரு நாடக அரங்கின் இசைக்குழுவில் பல வருடம் வியோலாக்காரராக இருந்தார். நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான் ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நன்றாகத் தெரியும், த்வோர்ஷாக் எழுதியதில் அது கேட்கிறது.

ஒரு மியூசிக் ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் புரட்டவேண்டும், வெளிப்பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். என் ஸ்டாண்ட் துணை எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி. என்னோடு அதிகம் பேசியதில்லை. ஆனால் நான் எந்த இடத்தில் தடுமாறுவேன் என்று அவருக்குத் தெரியும், அந்த இடம் வருவதற்கு ஒரு பார் முன்னால் லேசாக மூச்சை இழுப்பார். அந்த மூச்சைக் கேட்டுத்தான் நான் நுழைகிறேன்.

என்னென்ன வாசிப்பீர்கள்?

விவால்டி, கொரெல்லி, ஹாண்டெல் எப்போதும் உண்டு. பாகெல்பெலின் கேனன் கல்யாணங்களுக்குக் கேட்பார்கள், அதில் செல்லோக்காரர்கள் அதே எட்டு ஸ்வரத்தை 28 தடவை வாசிக்கிறார்கள், அலுக்காமல். இங்கிலாந்தின் இசையமைப்பாளர் எல்கர் 1892இல் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஸெரனேட் என்ற பாட்டு, ஊர்க் குழுக்களின் செல்லப் பாட்டு. அப்போது அவர் வுஸ்டர் பக்கத்தில் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். அதை முதலில் வாசித்துப் பார்த்ததும் அவர் பயிற்சி கொடுத்துவந்த, ஊர்ப் பெண்கள் மட்டும் சேர்ந்த ஒரு குழுதான்.

எனக்கு மிகப் பிடித்த இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட். கிரகங்களைப் பற்றிய பெரிய படைப்பால் உலகத்துக்குத் தெரிந்தவர், ஆனால் வாழ்நாளெல்லாம் வாத்தியார். 1905 முதல் 1934இல் இறக்கும்வரை லண்டன் ஹாமர்ஸ்மித்தில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசை கற்பித்தார். 1907 முதல் 1924 வரை, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் வரும் பெரியவர்களுக்கு மார்லி கல்லூரியில் கற்பித்தார். சமஸ்கிருதம் படித்து ரிக்வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்தவரும் இவர்தான். தன் பள்ளி மாணவிகள் வாசிப்பதற்காக எழுதியது செயின்ட் பால்ஸ் சூட், சூட் என்றால் பல சிறு பகுதிகள் சேர்ந்த பாட்டு. கடைசிப் பகுதியில் ஒரு நாட்டுப்புற ஆட்ட மெட்டு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு அடியில் திடீரென்று கிரீன்ஸ்லீவ்ஸ் என்ற பழைய ஆங்கிலப் பாட்டின் மெட்டு வேறொரு நடையில் மெதுவாக எழும்பி வரும். இரண்டு பாட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே வீட்டுக்குள் நடமாடுவதுபோல இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாசிக்க எழுதியது, அதில் ஒரு வரிகூட மலிவில்லை. பிரித்தெடுத்துப் பார்த்தால் எல்லாம் நம்மைப்போன்றவர்களின் கைக்கு எட்டுகிறது. கற்றுக்குட்டிகளுக்குத்தானே என்று அலட்சியமாக எழுதப்பட்ட பாட்டுகளும் கடையில் நிறையக் கிடைக்கின்றன, அவற்றை வாசித்த வாரங்களில் வீட்டுக்கு வெறும் களைப்போடுதான் போவேன். கண்டக்டரிடம் நல்ல பாட்டாகக் கேளுங்கள்.

நம்ம பாட்டு வாசிக்கக்கூடாதா?

வாசித்தோம். முத்துசுவாமி தீட்சிதர் அந்தக் காலத்து ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்போம், வயலின் கற்கும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே வாசிப்பார்கள். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், கமகம் இல்லாமல் நேராக நிற்பவை. அதில் 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் தேசிய கீதத்தின் மெட்டு. நானும் எங்கள் கண்டக்டரும் சேர்ந்து இரண்டு நோட்டுஸ்வரங்களை ஐந்து பிரிவுக்கும் எழுதினோம். ஒத்திகையில் முதல் வரி முடிவதற்குள் எல்லோரும் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். இந்த மெட்டு எப்படித் தஞ்சாவூர்ப் பக்கம் போனது, அதற்கு ஓர் அம்பாள் பாட்டு எப்படி வந்தது என்று தேநீர் இடைவேளை முழுக்கச் சொல்லவேண்டியிருந்தது.

தோடியையோ பைரவியையோ இப்படி எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். அவற்றின் உயிர் ஸ்வரங்களுக்கு இடையில் இருக்கிறது. எட்டுப் பேருக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தால் எலும்பு மட்டும்தான் மிஞ்சும்.

சர்ச்சில்தான் கச்சேரியாமே?

பெரும்பாலும் ஆமாம். ஊரில் நல்ல ஓசைக்கட்டும் முன்னூறு நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும் இடம் அதுதான். யாரும் உங்களை வழிபாட்டுக்கு அழைக்கமாட்டார்கள். கருப்பு உடை போதும், கருப்புச் சேலையும் சரி, வில் வீசும் பக்கம் முந்தானை வராமல் பின் குத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் உள்ளே ஒரு கோட்டும் வேண்டும், கல் கட்டடம் விறைக்கும்.

வாத்தியம் வாங்கிவிட்டுத்தான் வரவேண்டுமா?

வேண்டாம். வயலின் கடைகள் மாத வாடகைக்குக் கொடுக்கின்றன, முதல் வருடம் அது போதும். லண்டனுக்கு வடக்கே ஹிச்சினில் பென்ஸ்லோ மியூசிக் என்ற இடம் இருக்கிறது, பெரியவர்கள் தங்கிக் கற்கும் வார இறுதி வகுப்புகள் நடக்கும், வாத்தியங்கள் இரவல் கொடுக்கும் திட்டமும் உண்டு. முன்னே சொன்ன கிராமப்புற இசைப்பள்ளிகளின் வழியில் வந்த இடம் அது. நம் ஊர் வயலின் கையில் இருந்தால் அதையே எடுத்துவாருங்கள், தந்தியை மட்டும் முழுசாக மாற்றிவிடுங்கள். தாழ்ந்த சுருதிக்குத் தளர்த்திக் கட்டிய பழைய தந்தியை ஏ 440க்கு, அதாவது இங்கே எல்லோரும் சேர்த்துக்கொள்ளும் சுருதிக்கு, ஏற்றினால் அறும். விரல் வழுக்க எண்ணெய் தொட்டு வாசிப்பவராக இருந்தால் கழுத்துப் பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

வீட்டில் எவ்வளவு சாதகம் செய்யவேண்டும்?

தினம் அரை மணி போதும். ஒத்திகைக்கு முதல் நாள் மூன்று மணி நேரம் வாசிப்பதால் தோள்வலிதான் வரும்.

நாங்களே பத்துப் பேர் சேர்ந்து ஒன்று தொடங்கமுடியுமா?

முடியும், தொடங்குங்கள். எட்டுப் பேர் இருந்தாலே போதும், செல்லோ ஒருவராவது வேண்டும், அடித்தளம் இல்லாமல் வயலின்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். வியோலா கிடைக்காவிட்டால் அந்த வரியை வயலினுக்கு மாற்றி மூன்றாம் வயலின் என்று சில பதிப்பாளர்கள் சேர்த்தே அச்சிடுகிறார்கள். எழுதியவர் இறந்து 70 வருடம் ஆனால் இங்கே பதிப்புரிமை முடிகிறது, அதனால் எல்கர், ஹோல்ஸ்ட் பிரதிகளை ஐஎம்எஸ்எல்பி என்ற இசைப் பிரதிகளின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். வான் வில்லியம்ஸ் 1958இல் இறந்தார், அவருடையதற்கு 2028 முடியும்வரை பணம் கட்டத்தான் வேண்டும். ஹாலைவிட, பாட்டைவிட, நல்ல நடத்துநர் கிடைப்பதுதான் கடினம். திறமைக்கு முன்னால் பொறுமையைப் பாருங்கள். ஆளைக் கூட்டத்தின் நடுவே பெயர் சொல்லித் திட்டும் கண்டக்டர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் வேண்டாம். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

முதல் நாள் என்ன எடுத்துப்போகவேண்டும்?

வாத்தியம், வில்லில் தேய்க்கும் ரோசின், மடக்கு ஸ்டாண்ட், தண்ணீர். படிக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் ஸ்டாண்டு தூரத்துக்குப் பொருந்தும் கண்ணாடி. செல்லோ என்றால் ஊசி தரையில் வழுக்காமல் இருக்க ரப்பர் வட்டு, சில ஹால்களில் மரத்தரையைக் குத்தவிடமாட்டார்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள், அங்கிருந்து முன்னே இருப்பவர்களின் வில் எந்தப் பக்கம் போகிறது என்று நன்றாகத் தெரியும். அப்புறம், பென்சில், அதுவும் ரப்பர் வைத்தது. வில் மேலே போகவேண்டுமா கீழே போகவேண்டுமா என்று முன்வரிசைக்காரர் நிமிடத்துக்கு ஒருதடவை மாற்றிச் சொல்வார், எல்லோரும் எழுதிக்கொள்ளவேண்டும். பேனா கூடாது. அந்தப் பிரதி வாடகைக்கு எடுத்தது, அடுத்த பருவம் வேறு ஊரில் வேறு ஒருவர் அதைப் பார்த்து வாசிப்பார்.